நான் நெய்த ஆறு வரியை அந்த அக்கா பிரித்துக்கொண்டிருந்தார்

2022 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு வீட்டிலிருந்து கிளம்பி வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் மகளுக்குத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது. வேன்காரரிடம் கெஞ்சி இரண்டு நிமிஷம் வாங்கிக்கொண்டு நானும் அவளும் திரும்ப ஓடினோம். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் பதினான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சம் "நெய்து பார்த்த" தறியின் முன்னால் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி மாதிரி ஒரு குச்சி. நாங்கள் போட்ட கோரையை ஒவ்வொன்றாக நெம்பி உருவிக்கொண்டிருந்தார். உருவியது பக்கத்தில் குப்பையாகக் கிடந்தது.

எங்களைப் பார்த்ததும் அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, ஓரம் லேசா இழுத்துக்கிச்சு, சரி பண்ணுதேன்" என்றார். ஓரம் மட்டும் இழுத்திருக்கவில்லை, மொத்தமும் பிரிகிறது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கே தெரிந்தது. வேனில் ஏறியதும் அவள் கேட்டாள்: "நாம செஞ்சத சரிபண்ண எவ்வளவு நேரம் ஆகும்மா?" அதற்குப் பதில் எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். ஆள் ஒன்றுக்கு 2,400 ரூபாய், காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏற்றி இரவு எட்டுக்கு இறக்கிவிடுவார்கள். பத்தமடையில் பாய், காருகுறிச்சியில் பானை, வீரவநல்லூரில் தறி, அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு, நடுவே வயலில் நாற்று நடவு. "ஐந்து கிராமம், ஐந்து கைத்தொழில், நீங்களே செய்து பாருங்கள்" என்று விளம்பரம். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கியது என் தப்பு. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்கிற அம்பாசமுத்திரம் எல்லாம் ஒரே ரோட்டில் வரிசையாக இருக்கிற ஊர்கள்தான். பத்தமடையும் அதே ரோட்டில் சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் முன்னால். வரைபடத்தில் பார்த்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் போலத்தான் இருக்கும். கார் போய்ச் சேரும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் முடியும். ஒரு கோரையை நுழைக்கக் கை பழகுவதற்கே முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொரு கூத்து, அவர்கள் எங்களைப் பத்தமடைக்குக் கூட்டிப்போன நேரம். பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வீட்டு ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே சமையல் நடக்கிறது, வாசலில் பதினான்கு பேர் செல்போனோடு நிற்கிறோம். அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

2024 நவம்பரில் திரும்பப் போனோம், இந்த முறை நாங்களாகவே. மூன்று நாள், மூன்றே இடம். பாய்க்கு ஒன்றரை நாள், வயலுக்கு ஒரு காலை, பானைக்கு ஒரு மதியம். நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கி, திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் சேரன்மகாதேவி. அந்தப் பாதையில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் எல்லாவற்றுக்கும் ஸ்டேஷன் உண்டு என்பது வேனில் போனபோது எங்களுக்குத் தெரியவே இல்லை. பத்தமடைக்கு மட்டும் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

வழிகாட்டியாக வந்தது அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவர். சொந்தமாக வயல் இருக்கிறது, மிச்ச நேரத்தில் இந்த வேலை. போனில் பேசும்போதே நான் மூன்று விஷயம் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை இடம்? சொல்லிக்கொடுக்கிறவர் கையில் எவ்வளவு போகும்? நாங்கள் கெடுக்கிறதை யார் சரி செய்வார்கள்? மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அதுக்குத் தனியா ஒரு சின்னப் பாவு போட்டுத் தரச் சொல்லுதேன்க்கா. விக்கிற பாயில உங்களக் கைவைக்க விடமாட்டாங்க, விடவும் கூடாது" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல். அந்தப் பதிலுக்காகவே அவரை உறுதி செய்தேன். ஏற்பாடு செய்கிறவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியவில்லை. பணமும் அவர் கை வழியாகப் போகவில்லை. பாய்க்கார அக்காவுக்கு அரை நாளுக்கு 1,200 ரூபாய் என்று பேசி நேராகவே கொடுத்தோம். அது அதே அக்காதான், நாங்கள் கேட்டுப் போனோம். முதல் தடவை அந்த வேன் கூட்டத்துக்கு அவருக்குக் கிடைத்தது மொத்தமாக 300 ரூபாய் என்று பேச்சுவாக்கில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. பிரித்துத் திரும்ப நெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று மகள் கேட்டதற்கு, "அன்னைக்குச் சாயந்தரம் பூரா போச்சு" என்றார்.

பாய் நெசவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கோரை என்பது ஆற்றோரத்திலும் குளத்தோரத்திலும் ஈரத்தில் வளரும் புல். பச்சையாக அறுத்து, ஒவ்வொரு தண்டையும் கத்தியால் நெடுக்குவாட்டில் கிழித்து, உள்ளே இருக்கும் சோற்றை வழித்து எடுத்துவிட்டு வெயிலில் காயப் போடுகிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வேண்டும். ஊறி உப்பியதை எடுத்துத் திரும்பக் காயவைத்தால்தான் அந்த வழவழப்பு வருகிறது. சாதாரணப் பாய்க்கு ஒரு தண்டை எத்தனையாகக் கிழிக்கிறார்களோ அதைவிடப் பல மடங்கு மெலிதாகக் கிழிப்பதில்தான் பட்டுப்பாயின் சூட்சுமம். பட்டுப்பாயில் பட்டு கிடையாது. கோரையும் பருத்தி நூலும்தான். மினுமினுப்பும் மடிப்பும் பட்டு மாதிரி இருப்பதால் வந்த பெயர். நெருக்கத்தைக் கவுண்ட் கணக்கில் சொல்கிறார்கள். மேல்தர ரகம் 100-க்கு மேல் 140 வரை போகும். சாயத்துக்கு முன்பெல்லாம் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்.

தறி என்றதும் காஞ்சிபுரம் மாதிரி குழியும் மிதியும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தரையோடு தரையாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மூங்கில் கழி, முளை அடித்து இழுத்துக் கட்டிய பாவு நூல், குறுக்கே ஒரு அச்சு மரம். பாவு நூல் ஒன்று அச்சின் ஓட்டை வழியாகவும் அடுத்தது இடுக்கு வழியாகவும் மாறி மாறிப் போகிறது. அச்சைத் தூக்கினால் ஒரு பாதி நூல் மேலே வரும், அழுத்தினால் கீழே போகும். அந்த இடைவெளியில் நீளமான குச்சியின் நுனியில் கோரையைக் கோத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் செலுத்தி, அச்சை நம் பக்கம் இழுத்து ஒரு அடி. நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து முன்னால் நகர்ந்துகொண்டு போக வேண்டும்.

கேட்கச் சுலபம். எனக்கு முதல் கோரையே பாதி வழியில் முறிந்தது. இரண்டாவது நூலுக்கு மேலே ஏறிவிட்டது. மூன்றாவதைச் சரியாகச் செலுத்தி வீராப்பாக அச்சை இழுத்தேன், வலது பக்கம் நெருங்கி இடது பக்கம் வாயைப் பிளந்தது. அந்த அக்கா என் இரண்டு கையையும் பிடித்து அச்சின் மேல் வைத்தார். "பலம் வேண்டாம்மா. ரெண்டு கையும் ஒண்ணுபோல வரணும். சத்தத்தக் கேளுங்க." அவர் இழுக்கும்போது 'டப்' என்று ஒரே சத்தம். நான் இழுத்தால் 'ட-டப்'. வலது கை முந்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்து அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை, காதால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் இருவரும் பேசாமல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நெய்தோம். நடுநடுவே ஈரத்துணியால் கோரையை நீவிவிடுவார். காய்ந்தால் முறியும், ரொம்ப நனைந்தால் காய்ந்த பிறகு தளரும். எவ்வளவு ஈரம் என்று கேட்டேன். துணியை என் புறங்கையில் ஒற்றி, "இவ்வளவுதான்" என்றார்.

ஓரம்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கோரையின் நுனியைக் கடைசிப் பாவு நூலில் சுற்றி உள்ளே மடக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் பாய் இடுப்பு மாதிரி உள்ளே வாங்கும். மகளுக்கு விரல் சின்னது என்பதால் அது சீக்கிரம் வந்துவிட்டது. எனக்குக் கடைசி வரை வரவில்லை. ஒன்றரை நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்தது இரண்டு கை அகலமும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளமும் உள்ள ஒரு துண்டு. பட்டுப்பாய் ரகமில்லை, பெரு ரகக் கோரையில். மெல்லிய ரகத்தில் ஒரு முழுப்பாய் முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்று கேட்டுக் கடந்துபோவது வேறு, இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு கேட்பது வேறு.

1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து பாய் போனதை அங்கே எல்லோரும் சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்பதையும் சொல்லாமல் விடமாட்டார்கள். நான் தேடிய விஷயம் வேறு: இதை அடுத்து யார் நெய்யப்போகிறார்கள்? அந்த அக்காவின் மகள் திருநெல்வேலியில் வேலைக்குப் போகிறாள். "அவளுக்குத் தெரியும், ஆனா உக்கார மாட்டா" என்றார்.

வாங்குவது பற்றி. கரூர், முசிறிப் பக்கம் இயந்திரத்தில் நெய்த கோரைப்பாய் வருகிறது. விலை குறைவு, படுக்க நன்றாகவே இருக்கும், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதைக் காட்டிப் பத்தமடை என்று விற்கிறவர்களும் உண்டு. கிளம்புவதற்கு முன் அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையம் ஏதாவது ஒன்றில் போய் நல்ல ரகத்தைத் தொட்டு, விலையையும் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற மாட்டோம், நெய்தவர் வாசலில் உட்கார்ந்து பேரம் பேசவும் மாட்டோம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட பாய் வேண்டுமென்றால் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். போன அன்றைக்கே கேட்டால் யாரோ இன்னொருவருக்கு நெய்து வைத்ததைத்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கும்.

போட்டோவுக்கு வருகிறேன். முதல் பயணத்தில் பதினான்கு பேரும் அந்த அக்காவைக் கேட்காமலே படம் எடுத்தோம். இந்த முறை மகள் கேட்டாள். "கைய எடுத்துக்கோ கண்ணு, மொகம் வேண்டாம்" என்று பதில் வந்தது. எங்களிடம் இப்போது கைகளின் படம் மட்டும் நாற்பது இருக்கிறது. நெசவைத் திரும்பப் பார்த்துப் புரிந்துகொள்ள அதுதான் உதவுகிறது.

மறுநாள் வயல். தாமிரபரணியில் வரிசையாக இருக்கிற 8 அணைக்கட்டுகளில் ஒன்று கன்னடியன். அதிலிருந்து பிரிகிற கால்வாய்தான் இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர். ஒரு பசு நடந்த வழியே கால்வாய் வெட்டினார்கள், அது படுத்த இடமெல்லாம் குளமானது என்று வழிகாட்டித் தம்பி கதை சொன்னார். இங்கே தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி குறுவை சம்பா என்று பேசினால் சிரிப்பார்கள். ஜூன் வாக்கில் தொடங்குவது கார் பருவம், ஐப்பசி கார்த்திகையில் நடுவது பிசானம். நாங்கள் போனது பிசான நடவுக்கு. போட்டிருந்தது அம்பை 16. அம்பாசமுத்திரத்தில் 1937-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம், ஊர்ப் பெயரே நெல்லுக்கும் பெயர்.

தொளிக்குள், அதாவது நடவுக்கு உழுது வைத்த சேற்றுக்குள், கால் வைக்கும் முதல் நொடியைப் பற்றி எல்லோரும் கவிதையாக எழுதுகிறார்கள். நிஜத்தில் பயம்தான் வந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை இறங்கி, அடியில் எதுவோ கெட்டியாகத் தட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. காலை எடுக்கும்போது நேராகத் தூக்கினால் வராது, குதிகாலை முதலில் நெம்ப வேண்டும். செருப்பு, ஷூ எதுவும் உள்ளே ஆகாது. மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள், என் கணவர் கேட்கவில்லை. சாயந்தரம் சோப்புப் போட்டு அரை மணி நேரம் போராடிக் கழற்றினார். விரல் வீங்கியிருந்தது.

நடுகிற பெண்கள் பன்னிரண்டு பேர். ஏக்கருக்கு இவ்வளவு என்று கொத்தாகப் பேசி வந்தவர்கள். அதாவது நமக்காக அவர்கள் நின்றால் நிற்கிற நேரம் அவர்கள் கணக்கில்தான் கழியும். இது வேனில் வந்தபோது எனக்குத் தெரியாது. அப்போது பத்து நிமிஷம் அவர்களை நிறுத்தி, இடுப்பில் கைவைத்துச் சிரிக்கச் சொல்லி வீடியோ எடுத்தோம். இந்த முறை வயல்காரர் வாய்க்கால் ஓரத்தில் ஒரு மூலையை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார். கூட்டத்தில் மூத்தவரான ஒரு ஆச்சி மட்டும் எங்களோடு இருந்தார், அவர் அன்றைய கூலியை நாங்கள் கொடுத்துவிட்டோம். மற்றவர்கள் குலவை போட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு வேலையைத் தொடங்கினார்கள்.

"ஏட்டி, பெருவெரல வச்சு அமுக்காத" என்று மகளுக்கு முதல் அதட்டல். இடது கையில் நாற்றுமுடி. வலது கைப் பெருவிரலால் இரண்டு மூன்று நாற்றைத் தள்ளிப் பிரித்து, விரல் நுனிகளோடு வேரைச் சேர்த்துப் பிடித்து மண்ணில் லேசாகச் செருக வேண்டும். பெருவிரலால் அமுக்கினால் வேர் மடங்கி மேலே பார்க்கும். ஆழமாகப் போனால் தூர் கட்டாது. மேலாக வைத்தால் தண்ணீரில் மிதந்துவிடும். என்னுடையதில் பாதி மிதந்தது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே வந்து மிதந்ததையெல்லாம் எடுத்துத் திரும்ப ஊன்றினார். பின்னால் நடந்துகொண்டே நட வேண்டும் என்பதால் நாம் செய்த தப்பு எல்லாம் கண் முன்னாலேயே நீண்டுகொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் நான் நட்டதைவிட என் கால் தடம் போட்ட குழிகள்தான் அதிகம்.

அடுத்த வயலில் இயந்திரம் நட்டுக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு ஆச்சியிடம், "அது வந்தா உங்களுக்கு வேலை போயிடாதா பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். நான் பதறிப்போனேன். ஆச்சி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போனாத்தான் என்ன, இந்த இடுப்பு வலியும் சேந்துல்லா போவும்" என்றார். சுற்றுலாக்காரர்கள் இந்த வேலைக்குப் பூசுகிற அழகெல்லாம் அந்த ஒரு பேச்சில் உதிர்ந்துவிட்டது.

பெண்களுக்கு ஒரு விஷயம், யாரும் எழுதாததால் எழுதுகிறேன். வயல் பக்கம் கழிப்பறை இருக்காது. எந்த வீட்டைப் பயன்படுத்தலாம் என்று முதல்நாளே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேனில் போனபோது இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், மதியம் தலைவலியோடு பானை செய்தேன். மாற்று உடை ஒன்றுக்கு இரண்டு. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், களிமண்ணுக்கும் அதுதான் நல்லது.

காருகுறிச்சி நாகஸ்வரத்துக்குப் பெயர்போன ஊர், அருணாசலம் அவர்களால். பானைக்கும் பெயர் உண்டு. ஆனால் நாங்கள் போன மாதம் பானைக்குச் சரியான மாதம் இல்லை, இதை ஒளிக்காமல் முன்பே சொல்லியிருந்தார் தம்பி. மழையில் மண் எடுக்க முடியாது, வனைந்தது காயாது, சூளை போட முடியாது. இந்த மாதங்களுக்கு அரசே நலவாரியத்தில் உள்ள மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கிறது. தை பிறப்பதற்கு முன் கொஞ்சம் வெயில் கண்டால் பொங்கல் பானைக்கு இரவும் பகலும் ஓடும். அப்போது போனால் நம்மை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. நடவும் சூளையும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பது நடக்காத காரியம். எது வேண்டும் என்று முடிவு செய்து அதற்கேற்ற மாதத்தில் போக வேண்டியதுதான். "எல்லா மாதமும் எல்லாம் உண்டு" என்று எவராவது சொன்னால், காட்சிக்காக ஏதோ செட்டு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அங்கே நாங்கள் சக்கரத்தில் அதிகம் உட்காரவில்லை. சக்கரத்தில் கைவைத்து ஒரு கிண்ணம் எடுப்பதுதான் எல்லோரும் படம் பிடிக்கிற இடம், ஆனால் பானையின் பாதி வேலை அதற்கப்புறம்தான். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடியே கிடையாது. கொஞ்சம் இறுகியதும் உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி, சுவரை மெலிதாக்கி, அந்த மண்ணையே இழுத்து அடியை மூடுகிறார்கள். அந்த வீட்டு அண்ணாச்சி ஒரு பானையை மடியில் வைத்துத் தட்டும்போது உள்ளே இருக்கிற கல்லும் வெளியே இருக்கிற பலகையும் ஒரே இடத்தில் சந்திப்பது கண்ணுக்குத் தெரியாது. அவர் பார்ப்பதும் இல்லை, எங்களோடு பேசிக்கொண்டே செய்கிறார். என் கணவர் தட்டிய நாலாவது அடியில் பலகை உள்ளே போய்விட்டது. அதையும் அவர் மண்ணோடு மண்ணாகப் பிசைந்து வைத்துவிட்டார். இந்த ஒரு தொழிலில்தான் நாம் கெடுத்தது அப்படியே திரும்ப மண்ணாகிவிடுகிறது.

வாங்கிய சமையல் சட்டிகள் மூன்று. ரயிலில் கொண்டுவர வைக்கோல் சுற்றித் தந்தார்கள், ஒன்றுகூட உடையவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அரிசிக் கஞ்சியை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டுப் பழக்கினேன். சூடான சட்டியை ஈரமான மேடையில் வைத்து ஒன்றைக் கீறல் விட வைத்தது முழுக்க என் கைங்கரியம். பாய்த்துண்டை வெயில் படாமல், ஈரம் படாமல் சுருட்டித்தான் வைக்க வேண்டும் என்று அந்த அக்கா இரண்டு தரம் சொல்லியிருந்தார். மகள் அதைத் தன் மேசையில் விரித்து வைத்திருக்கிறாள். இடது ஓரம் உள்ளே வாங்கியிருக்கிறது, அது நான் நெய்த பாதி.

என் கணவர் கடைசி முயற்சியாக ஒரு டம்ளர் வனைந்தார். கோணல்தான், ஆனாலும் நின்றது. அதைச் சுட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, தை முடிந்து போடுகிற சூளையில் வைக்கிறேன் என்று அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். டம்ளருக்கு அடியில் ஈர்க்குச்சியால் இவர் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறிவைத்தார். மாசி மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சாம்பலுக்கு நடுவே இரண்டாகப் பிளந்த டம்ளர், ஒரு பாதியில் அந்த எழுத்து. கீழே குரல் பதிவு: "சார், உள்ள காத்து இருந்திருக்கு, வெடிச்சிட்டு. பக்கத்துல இருந்த என் சட்டி ரெண்டையும் சேத்துக் கொண்டுபோயிட்டு. பரவால்ல, அடுத்த தடவ வரும்போது மண்ண நல்லா மிதிக்கச் சொல்லித்தாரேன்." இவர் அந்த இரண்டு சட்டிக்கும் பணம் அனுப்பினார். அண்ணாச்சி ஒரு சட்டிக்கான பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.